விட்ட மீன், வந்த மீன்

மார்க்கையன்கோட்டைக்கு மேற்கே இருக்கும் ஆவரங்குளத்துக்கு நான் காவல்காரனாக வந்து நாலு வருசம் ஆகிறது. அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருசம் ஜீப் ஓட்டினேன். விடிந்தும் விடியாமலும் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறுவது, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவந்து விடுவது. முழங்கால் தேய்ந்து கிளட்சை மிதிக்க முடியாமல் போனதும், குளத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த சுந்தரலிங்கம் முதலாளி கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். என் பெயர் சுருளிராஜன். எனக்கு வாய் நீளம் என்று என் மனைவி சொல்வாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வாள். இங்கே அதைச் சொல்லவேண்டி இருக்கிறது, ஏனென்றால் இதில் நடந்த கெடுதல் எல்லாம் அந்த வாயால் வந்ததுதான்.

நான் சொல்ல வந்தது மலையம்மாளைப் பற்றி. அவள் பிறந்தது பெரியகுளம் பக்கத்து ஜெயமங்கலம். வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தவள். வயது நாற்பத்தைந்து, நாற்பத்தாறு இருக்கும். புருஷன் போர்வெல் வண்டியில் வேலை பார்க்கிறார். சத்தீஸ்கர், ஒடிசா என்று வருசத்தில் பத்து மாதம் வெளியில்தான். ஒரே மகள் திரிஷா மதுரையில் நர்சிங் படிக்கிறாள். மலையம்மாளுக்கு நடவு, களையெடுப்பு; அது இல்லாத நாட்களில் திராட்சைத் தோட்டத்தில் கொடி கவாத்து வெட்டுவது. நடவில் பத்துப் பேர் வரிசை பிடித்தால் அவள் வரிசைதான் முதலில் முடியும். முடித்துவிட்டு வரப்பில் போய் உட்கார மாட்டாள். பக்கத்தில் திணறுகிறவளின் வரிசைக்குள் இறங்கி நட்டுக் கொடுப்பாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவும் மாட்டாள்.

அவளுக்கு ஒரே ஒரு பழக்கம் உண்டு, தூண்டில். எங்கள் ஊரில் ஆண்கள் தூண்டில் போட்டால் பொழுதுபோக்கு என்பார்கள், பெண் போட்டால் வேலை இல்லையா என்பார்கள். அவள் அதைக் காதில் வாங்கியதில்லை. நடவு இரண்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். கால் சேற்றைக்கூடக் கழுவாமல் குளத்தின் தென்கரைக்கு வந்து, பூவரச மரத்தடியில் உட்காருவாள். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, சோளத்தட்டையில் செய்த தக்கை, ஒரு டப்பாவில் மண்புழு. நாலரை மணிக்கு எழுந்து போய்விடுவாள். மீன் கிடைத்தாலும் நாலரைதான், கிடைக்காவிட்டாலும் நாலரைதான். ஏன் இப்படி வெயிலில் கிடந்து காய்கிறாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுல இருந்தா அக்கம்பக்கத்துல யாராச்சும் எதையாச்சும் கேட்டுக்கிட்டே இருப்பாகண்ணே," என்றாள். "இங்கன மீனு மட்டுந்தான் கேக்கும். அதுவும் புழுவத்தான் கேக்கும்."

இந்தப் பதிலை நான் பல பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த இரண்டரை மணி நேரம் அவளுக்கு என்ன என்பதை அப்போது யோசிக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. தக்கை அசைவதை வைத்தே, கடிப்பது என்ன மீன் என்று சொல்லிவிடுவாள். வெடுக் வெடுக்கென்று குத்தினால் ஜிலேபி. ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு ஓடினால் கெளுத்தி. தக்கை படுத்து எழுந்து மறுபடி படுத்தால் தரையில் மேய்கிற மிர்கால். ஓசையே இல்லாமல் மெல்ல அமிழ்ந்தால் கட்லா. நான் நம்பாமல் டீ பந்தயம் கட்டி, தொடர்ந்து ஆறு நாள் டீ வாங்கிக் கொடுத்தேன். ஏழாம் நாள் பந்தயம் கட்டுவதை விட்டுவிட்டேன்.

இந்தக் குளத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. குத்தகைக்காரர் குஞ்சு வாங்கி விட்ட மீன் குத்தகைக்காரருக்கு. தானாக வந்த மீன் ஊருக்கு. முதலாளி விடுவது கட்லா, ரோகு, மிர்கால் என்று மூன்று வகை. இந்த மூன்றில் எது தூண்டிலில் மாட்டினாலும் அந்த நிமிசமே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஜிலேபி, கெளுத்தி, விரால், கெண்டை இவற்றை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். ஜூன் மாதம் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் குளத்துக்குள் வரும்போது அதோடு என்னென்னவோ வந்து சேரும். அதுவும் ஊருக்குத்தான். யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் குத்தகை எடுக்க வருகிற எல்லோரும் இதற்குச் சம்மதித்துத்தான் எடுக்கிறார்கள்.

அப்படியென்றால் காவல்காரனுக்கு மீன் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. எனக்குத் தெரிந்தது தட்டில் விழுந்த மீன்தான். குஞ்சு வாங்கிய இடத்தில் முதலாளிக்கு ஒரு கலர் அட்டை கொடுத்திருந்தார்கள். மூன்று மீன்களின் படம், கீழே பெயர். அதை என்னிடம் தந்தார். நான் கரையில் இருக்கும் மோட்டார் ரூம் கதவில் ஒட்டிவைத்துப் பாடம் பண்ணினேன். பெரிய தலை, மேல்பார்த்த வாய், கட்லா. ஒல்லி உடம்பு, வெள்ளை, மிர்கால். செதிலில் லேசான சிவப்பு, உதட்டில் சுருக்கம், ரோகு. ஒரு வாரத்தில் பெரிய மீன் ஆபீசர் மாதிரி பேச ஆரம்பித்துவிட்டேன். அட்டையில் இருந்தது முதலாளி விட்ட மீன்கள் மட்டும். ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து விடுகிற மீனுக்கு யார் அட்டை அடிக்கப் போகிறார்கள். இது என் மண்டைக்கு ஏறவில்லை.

மலையம்மாளுக்கு எந்த அட்டையும் தேவைப்படவில்லை. இரண்டு வருசத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாத மத்தியானம், மரத்துக்குப் பின்னால் நான் படுத்திருந்தது அவளுக்குத் தெரியாது. மூன்று கிலோவுக்குக் குறையாத கட்லா ஒன்று அவளுக்கு மாட்டியது. கரையில் வேறு ஆள் இல்லை. சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு போயிருந்தால் கேட்க நாதி இல்லை. அவள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தூண்டில் முள்ளை எடுத்து, மீனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அது தெம்பாகும்வரை அப்படியே நின்றாள். வாலை ஒரு அடி அடித்துவிட்டு அது போனது. இவளும் கரையேறி அடுத்த புழுவைக் கோத்தாள். இதை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பார்த்தவன்தான் பிறகு அப்படிப் பேசினேன்.

போன வருசம் ஆடி மாதம். முதல் போக நடவு நடந்துகொண்டிருந்தது. ஒரு வாரத்தில் இரண்டு தடவை யாரோ குளத்தில் வலை போட்டு அள்ளிவிட்டார்கள். கரையில் செதில் கிடந்தது, ஆளைக் காணோம். முதலாளி வந்து, நாலு பேர் நிற்கும்போது, சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்குகிறாயா என்று என்னைக் கேட்டார். இருபத்திரண்டு வருசம் மலைப்பாதையில் வண்டி ஓட்டியவனைப் பார்த்து ஒருவரும் தூங்கினாயா என்று கேட்டதில்லை. யாரையாவது ஒரு ஆளைப் பிடித்துக் காட்டினால் போதும் என்று ஆகிவிட்டது. யாரை என்பது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

அதற்கு மறுநாள் மூன்று மணி சுமாருக்கு மலையம்மாளின் தூண்டில் வில்லாக வளைந்தது. கால்மணி நேரம் மல்லுக்கட்டிக் கரைக்கு இழுத்தாள். நாலு கிலோ இருக்கும். அவள் வாழ்நாளில் பிடித்ததிலேயே பெரிய மீன் அதுதான். மடைக்குப் பக்கத்து வயலில் நடவை முடித்த பெண்கள் ஏழெட்டுப் பேர் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் எட்டிப் பார்த்தார்கள். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. மீனை வயர்க்கூடைக்குள் வைத்தாள். நான் நொண்டிக்கொண்டே ஓடினேன். செதிலில் சிவப்பு, உதட்டில் சுருக்கம். அட்டையில் இருந்த ரோகு அப்படியே.

"ரோகுவக் கூடைக்குள்ள வைக்கிற?" என்றேன்.

"இது ரோகு இல்லண்ணே. சேலு. ஆத்து மீனு. மீசையப் பாருங்க, நாலு இருக்கு."

"மீசைய எண்ணுறதுக்கா மொதலாளி எனக்குச் சம்பளம் குடுக்காக?"

சொல்லிக்கொண்டே கூடையைப் பிடுங்கி மீனைத் தண்ணீரில் தள்ளிவிட்டேன். முதலாளி விட்ட மீன் மாட்டினால் உடனே தண்ணீரில் விடவேண்டும் என்பதுதானே சட்டம். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. கழுவிக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் திரும்பி, நல்லவள் வேசம் போட்டுக்கொண்டு இத்தனை நாளாக இதுதான் நடந்திருக்கிறது, வலை போட்டவர்களுக்கு வழி காட்டியதும் இவள்தானோ என்னவோ, மீன் திருடி என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன்.

மலையம்மாள் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மீன் போய்விட்டது. அது திரும்பி வந்து மீசையைக் காட்டினால்தான் உண்டு. நரம்பைச் சுற்றினாள், டப்பாவை மூடினாள், கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தாள். அப்போது மணி மூன்றரைகூட ஆகவில்லை.

சாயங்காலம் முதலாளியிடம் போய் ஆளைப் பிடித்துவிட்டேன் என்றேன். அவர் அதிகம் விசாரிக்கவில்லை. இனிமேல் அந்தப் பெண் குளத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதை அவளிடம் நேரில் போய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டீக்கடையில் சொன்னேன், ராத்திரிக்குள் அவள் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதன் பிறகு அவள் வரவே இல்லை. வயலுக்குப் போக குளத்துக் கரைதான் குறுக்குவழி. அதையும் விட்டுவிட்டு, ரோட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். நடவு வயலில் அவளை ரோகு என்று கேலி பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சிரித்துச் சமாளிப்பாளாம். ஆனால் முன்பு மாதிரி அடுத்தவள் வரிசையில் இறங்கி நட்டுக் கொடுப்பதில்லையாம். தன் வரிசையை முடித்துவிட்டு வரப்பில் தனியாகப் போய் நிற்பாளாம். என் மனைவி இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். வாய் நீளம் என்றுகூடச் சொல்லவில்லை.

இதற்கிடையில் வலை போட்டுத் திருடுவதும் நிற்கவில்லை. ஆவணியில் ஒரு தடவை நடந்தது. அவள் இல்லாமலேதான் நடந்தது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், விற்பனைக்காக முதலாளி வலை போட ஆள் வரவழைத்தார். வைகை அணைப் பக்கத்திலிருந்து ஆறு பேர் வந்தார்கள். அழகர் என்பவன்தான் அவர்களுக்குத் தலைமை. பிடித்த மீனைக் கரையில் கொட்டி, கட்லா ஒரு தொட்டி, ரோகு ஒரு தொட்டி, மிர்கால் ஒரு தொட்டி என்று பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேகம். கண்ணால் பார்ப்பதற்குள் கை எறிந்துவிடுகிறது. நடுவில் அழகர் மூன்று மீன்களை எடுத்துத் தொட்டியில் போடாமல் புல்லில் தனியாக வைத்தான். எனக்குச் சந்தேகம். ரோகுவைத் தனியாக ஒதுக்கி வீட்டுக்குக் கொண்டுபோகப் பார்க்கிறாயா என்று அதட்டினேன்.

அவன் கோபப்படவில்லை. ஒதுக்கியதில் ஒரு மீனையும் ரோகுத் தொட்டியிலிருந்து இன்னொன்றையும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.

"ரெண்டுக்கும் உதடு சுருக்கமாத்தேன் இருக்கும், அதப் பாத்தா ஏமாந்துருவீக," என்றான். "ரோகுக்கு மீசை ரெண்டு, அதுவும் இருக்கோ இல்லையோன்னு இருக்கும். இதுக்கு நாலு, நல்லாத் தெரியிது பாருங்க. முதுகுத் துடுப்பு எம்புட்டு நீளம் பாருங்க. இது சேலு. ஆத்துத் தண்ணியில வந்தது. உங்க குளத்து வழக்கப்படி ஊருக்குச் சேர வேண்டியது, அதேன் ஒதுக்குனேன்."

நான் குனிந்து பார்த்தேன். நாலு மீசை. விரலை வைத்துத் தொட்டுப் பார்த்து எண்ணினேன். ஒரு தடவை எண்ணினால் தெரிவதை மூன்று தடவை எண்ணினேன். அவள் சொன்னபோது குனிந்து பார்க்க எனக்கு அரை நிமிசம்கூட ஆகியிருக்காது.

முதலாளி கரையிலேயே இருந்தார். அப்போதே போய்ச் சொன்னேன். ஆடியில் நான் பிடித்துக் கொடுத்தது தப்பு, அது சேல், அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். கட்லாவை அவள் விட்டதையும் சொன்னேன். அவர், அப்படியென்றால் வரச் சொல், அதோடு முடிந்தது என்றார். அவருக்கு அதோடு முடிந்துவிட்டது. என் வேலையைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன், அதுவும் சொல்லவில்லை. மனசு லேசாகிவிட்டது. புல்லில் கிடந்த சேலில் பெரியதாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தீபாவளிக்கு வந்திருந்த திரிஷா உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் மீனை எடுத்து நீட்டினேன். நீ சொன்னது சரிதான் தாயி, நாலு மீசை இருக்கிறது, முதலாளி வரச் சொல்லிவிட்டார், நாளைக்கே வா என்று கடகடவென்று சொல்லி முடித்தேன்.

அவள் மீனை வாங்கவில்லை. அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"மீனத் தெரியலங்கிறது ஒரு குத்தமாண்ணே," என்றாள். "வண்டி ஓட்டுன ஆளு நீங்க. ஆனா மூணு வருசம் எதுத்தாப்புல உக்காந்திருந்தேன். என்னயவுமா தெரியல?"

தெரியும் என்று சொன்னால் தெரிந்தே செய்தேன் என்றாகிவிடும். அதுதானே உண்மை. நின்றுகொண்டே இருந்தேன். பையிலிருந்து மீன் தண்ணீர் காலில் சொட்டியது.

"மொதலாளிகிட்டச் சொல்லிட்டீக, சரி. எங்கிட்டயும் சொல்லிட்டீக. என்னயத் திருடின்னு நீங்க மொதலாளிகிட்டயும் எங்கிட்டயும் மட்டுமா சொன்னீக? எங்கன நின்னு சொன்னீகளோ, அங்கன நின்னு சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் வாரதா வேணாமான்னு பாக்குறேன்."

குரலை உயர்த்தவே இல்லை. அடுத்த சேலையை உதறிக் கொடியில் போட்டாள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பெண்கள் முன்னால் போய் நின்று எப்படிச் சொல்வது என்றேன். கத்தும்போது எப்படிச் சொன்னீர்களோ அப்படித்தான் என்றாள். அந்த மீனை அவளும் சமைக்கவில்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

தீபாவளி போய் ஒரு மாதம் ஓடியது. போனால் என்ன, நாளைக்குப் போகலாம் என்று நானே எனக்குத் தவணை கொடுத்துக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் அதே மடைக்குப் பக்கத்து வயலில் இரண்டாம் போக நடவு தொடங்கியது. மலையம்மாளும் அந்த வரிசையில் இருந்தாள். கரையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. ஒரு மணி நேரம் மோட்டார் ரூமைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் இறங்கினேன். சேற்று வரப்பு, என் முழங்கால் வேறு சும்மா இருக்காது. விழுந்துவிடாமல் நடுவயல்வரை போய் நின்றேன்.

பன்னிரண்டு பேர் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி நிமிர்ந்தாள், அப்புறம் எல்லோரும் நிமிர்ந்தார்கள், ஒருத்தியைத் தவிர.

"ஆத்தாமாருகளே," என்றேன். "ஆடியில மலையம்மாளத் திருடின்னு உங்க முன்னால நின்னுதேன் சொன்னேன். அது பொய்யி. அது ஊருக்குச் சேர வேண்டிய மீனு. அந்தத் தாயி எந்தக் காலத்துலயும் ஒரு மீனத் திருடுனதில்ல. அது எனக்கு அப்பவே தெரியும். மொதலாளி ஏசுன ஆத்திரத்துல அந்தப் பிள்ள மேல போட்டுட்டேன். எல்லாரும் என்னய மன்னிச்சுக்கிறணும்."

யாராவது திட்டினால்கூடத் தேவலை போல இருந்தது. கடைசியில் ஒரு கிழவி, சரி சரி, வரப்பை மிதித்து உடைக்காமல் போ என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். மலையம்மாள் நிமிரவே இல்லை. ஆனால் அவள் கை ஓடவில்லை. நாற்று முடியை ஒரு கையில் பிடித்தபடி குனிந்தே இருந்தாள். நான் திரும்பிக் கரைக்கு வந்து சேர்ந்தபோது, அவள் தன் வரிசையை விட்டுப் பக்கத்துப் பெண்ணின் வரிசையில் நட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த வயதில் ஒரு ஆள் மோட்டார் ரூமுக்குள் போய் அழுதான் என்றால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அதே பூவரச மரம், அதே கம்பு. வந்ததும் என்னைப் பார்த்து, சாப்பிட்டீகளாண்ணே என்றாள். பழையபடி ஆகிவிட்டது என்ற சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் தக்கை வெடுக் வெடுக்கென்று குத்தியது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி. சின்னப் பிள்ளைகூட அடையாளம் சொல்லிவிடும் மீன்.

அவள் அதை முள்ளிலிருந்து எடுத்தாள். கூடையில் போடவில்லை. எழுந்து, நான் உட்கார்ந்திருந்த இடம்வரை நடந்து வந்து, உள்ளங்கையை விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"பாத்துக்கோங்கண்ணே," என்றாள்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. வேண்டாம் தாயி, நீ எடுத்துக்கொண்டு போ என்று எத்தனையோ தடவை கெஞ்சிவிட்டேன். அவள் கோபமாகவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை; சிரித்த முகமாகத்தான் வருகிறாள். ஆனால் இன்றுவரை ஒரு மீனைக்கூட எனக்குக் காட்டாமல் கூடைக்குள் போட்டதில்லை.